கிணற்று நீரில் கிருமி இருக்கிறதா? எச்2எஸ் குப்பியால் வீட்டிலேயே சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

எச்2எஸ் குப்பியில், அதாவது கிருமியைக் காட்டும் மருந்து உள்ளே காய்ந்திருக்கும் சிறு குப்பியில், தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும், கறுத்தால் கெட்டது, கறுக்காவிட்டால் நல்லது. முதன்முறை சோதிப்பவர்கள் இவ்வளவுதான் தெரிந்துகொண்டு தொடங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், கறுத்த குப்பி உங்கள் கை அழுக்கால் கறுத்திருக்கலாம். கறுக்காத குப்பி குளிரில் வேலை செய்யாமலே கிடந்திருக்கலாம். எது உண்மை என்று பிரித்துச் சொல்ல இரண்டு துணைக் குப்பிகள் தேவை. அவற்றை வைக்காமல் செய்த சோதனையைச் செய்ததாகவே கணக்கில் எடுக்க வேண்டாம்.

1. இந்தச் சோதனை எதைச் சொல்லும்?

மனிதர், மாடு, பறவை ஆகியவற்றின் குடலில் வாழும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு (எச்2எஸ்) என்ற வாயுவை உண்டாக்கும். குப்பிக்குள் காய்ந்திருக்கும் மருந்தில் அவற்றுக்கு உணவும், தயோசல்ஃபேட் என்ற கந்தக உப்பும், இரும்பு உப்பும் இருக்கின்றன. பாக்டீரியா பெருகி வாயுவை விட்டதும் அது இரும்போடு சேர்ந்து கருப்பு இரும்பு சல்பைடாகப் படியும். நாம் பார்க்கும் கறுப்பு அதுதான்.

ஆகவே இது காலராக் கிருமியையோ டைபாய்டு கிருமியையோ தேடிக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. மலக்கழிவு தண்ணீரைத் தொட்டிருக்கிறதா என்பதற்கான அடையாளத்தைத் தேடுகிறது. வைரஸ், நைட்ரேட், உப்பு, ஃபுளோரைடு எதையும் இது காட்டாது. "குப்பி கறுக்கவில்லை, அதனால் எல்லாம் சரி" என்று முடிவெடுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு.

2. எந்த நாளில் எடுப்பது?

தண்ணீர் மிக மோசமாக இருக்கக்கூடிய நாளில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை பெய்து இரண்டு மூன்று நாளுக்குள் எடுப்பது நல்லது. மண்மேல் கிடந்ததெல்லாம் கிணற்றுக்குள் இறங்குவது அப்போதுதான். கோடையில் நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது இன்னொரு முறை எடுக்கலாம். வெள்ளம் கிணற்றை மூடிய பிறகு, கிணறு தூர்வாரிய பிறகு, மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு, வீட்டில் தொடர்ந்து வயிற்றுப்போக்கு வரும்போது, கைக்குழந்தை வரப்போகும்போது என்றால் காலம் பார்க்காமல் எடுங்கள்.

எடுக்கக்கூடாத நாளும் உண்டு. கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் காத்திருங்கள். அப்போது குப்பியில் தெரிவது ப்ளீச்சிங் பவுடரின் வேலை, கிணற்றின் நிலை அல்ல.

3. முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியவை

- 20 மி.லி. எச்2எஸ் குப்பிகள் 10: கிணற்றுக்கு 5, மாடித் தொட்டிக்கு 1, சமையலறைக் குழாய்க்கு 1, துணைக் குப்பி 2, கைதவறினால் 1
- 200 மி.லி. கொள்ளும் கண்ணாடி பாட்டில்கள் இரண்டு, இரும்பு மூடியோடு (கழுவிய ஜாம் பாட்டில் போதும்)
- புது நைலான் கயிறு, ஒரு மீட்டர் மெல்லிய ஸ்டீல் கம்பி, முஷ்டி அளவு கல்
- சர்ஜிகல் ஸ்பிரிட், பஞ்சு, கையுறை
- மீன் அல்லது ஐஸ்கிரீம் வரும் தெர்மோகோல் பெட்டி, ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டு
- மீன்தொட்டியில் மிதக்கவிடும் வெப்பமானி
- ஒட்டுத்தாள், பேனா, ப்ளீச்சிங் பவுடர்

கிணற்றுக்கு ஏன் ஐந்து குப்பி? குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, 100 மி.லி. தண்ணீரில் கோலிஃபார்மோ ஈ.கோலியோ (மலக்கழிவின் அடையாளமாகப் பார்க்கப்படும் பாக்டீரியாக்கள்) தென்படவே கூடாது என்கிறது. ஒற்றைக் குப்பியில் நீங்கள் பார்ப்பது 20 மி.லி. மட்டும். மீதி 80 மி.லி.யில் இருப்பது தப்பிவிடும். ஐந்து குப்பி சேர்ந்தால் 100 மி.லி. ஆகிறது. எத்தனை கறுத்தன என்பதிலிருந்து கிருமியின் அளவும் ஓரளவு தெரியும்.

வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காகிதமோ பொடியோ உலர்ந்து வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் அந்தக் குப்பி வேண்டாம். மருந்தை வீட்டில் கலந்து குப்பி தயாரிக்கும் யோசனையும் வேண்டாம். கிருமிநீக்கம் சரியாக அமையாவிட்டால் எல்லாமே கறுக்கும்.

4. கிணற்றைச் சுற்றி ஒரு நடை

குப்பியைத் திறக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கிக் கிணற்றைச் சுற்றி வந்து எழுதி வையுங்கள். நாளை குப்பி கறுத்தால் காரணத்தை இந்தத் தாளில்தான் தேடுவீர்கள்.

செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று டேப்பால் அளங்கள். பக்கத்து வீட்டுடையதையும் சேர்த்துத்தான். 50 அடி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அரை கிரவுண்டு மனையில் அது கிடைக்காது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் எண்ணை எழுதுங்கள். சுற்றுத் தளத்தில் விரிசல் உண்டா, துணி துவைத்த தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறது, வாளியும் கயிறும் தரையில் கிடக்கின்றனவா, புறா உட்கார்ந்து எச்சமிட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உறைகிணறாக இருந்தால் டார்ச் அடித்து மேல் பத்து அடி உறைகளின் இணைப்பைப் பாருங்கள். இணைப்பில் ஈரக்கோடு இறங்கினால் மேல்மண் தண்ணீர் வடிகட்டப்படாமலே உள்ளே போகிறது.

5. முந்தைய நாள் இரவு: பாட்டிலைக் குக்கரில் வைத்தல்

பாட்டில்களைச் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு வாடையே இல்லாதபடி அலசுங்கள். ஒரு பாட்டில் காலியாக இருக்கட்டும். மற்றொன்றில், துணைக் குப்பிகளுக்காக, பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூடிகளையும் தளர்வாக வைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். இறுக மூடினால் பாட்டில் வெடிக்கலாம். ஸ்டீல் கம்பியைச் சுருட்டி அதையும் அலுமினியத் தாளில் பொதியுங்கள்.

குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், அதன்மேல் தட்டு, தட்டின்மேல் பாட்டில்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்கக் கூடாது. வெயிட்டைத் தூக்கிவிட்டால் பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர் பொங்கி வெளியே வந்துவிடும். ஆறியதும் மூடியை இறுக்குங்கள்.

சும்மா கொதிக்க வைத்தால் போதாதா? குடிப்பதற்குப் போதும். இங்கே போதாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியைத் தாங்கிப் பிழைக்கும், அவற்றில் சில குப்பியைக் கறுக்கவும் செய்யும். குக்கரின் அழுத்தத்தில் வெப்பம் சுமார் 120 டிகிரிக்குப் போவதால் அந்த வித்துகளும் மடியும். குளிர்பான பாட்டிலை மட்டும் குக்கரில் வைக்காதீர்கள், சுருங்கிப்போகும்.

6. கிணற்றிலிருந்து எடுத்தல்

காலையில், யாரும் வாளி விடுவதற்கு முன் எடுங்கள். கலங்கிய நீரில் அடிச்சேறும் சேர்ந்து வரும்.

கையைச் சோப்பால் கழுவித் துடைத்துக் கையுறை போடுங்கள். காலி பாட்டிலின் கழுத்தில் ஸ்டீல் கம்பியைக் கட்டி, அதிலேயே கல்லை பாட்டிலின் அடிப்பக்கம் தொங்கும்படி பிணையுங்கள். கல்லை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டிருக்க வேண்டும். கம்பியின் மறுமுனையை நைலான் கயிற்றில் கட்டுங்கள். தண்ணீருக்குள் போவது கம்பி மட்டுமே, கயிறு மேலேயே நிற்க வேண்டும்.

மூடியைத் திறந்து, உள்பக்கம் கீழ்நோக்கியபடி கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். தரையிலோ கைப்பிடிச் சுவரிலோ வைக்கக் கூடாது. பாட்டிலைக் கிணற்றின் நடுவே இறக்குங்கள். சுவரில் உரசினால் பாசியும் பல்லி எச்சமும் உள்ளே விழும். அப்படி உரசிவிட்டால் அந்த பாட்டிலை விட்டுவிட்டு மீண்டும் குக்கரிலிருந்து தொடங்குவதுதான் வழி. நீர்மட்டத்தைத் தொட்டதும் நிறுத்தாமல் ஓர் அடி ஆழத்துக்கு இறக்குங்கள். மேல்மட்டத்தில் தூசியும் இலையும் மிதக்கும், அது நீங்கள் குடிக்கும் தண்ணீர் அல்ல. குமிழி நின்றதும் தூக்கி, வாய் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொட்டிவிட்டு மூடுங்கள்.

வீட்டு வாளியால் மொண்டு குப்பியில் ஊற்றுவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் சோதிக்கப்படுவது வாளி.

மூடிபோட்ட கிணறு, உள்ளே மோட்டார் மட்டும் என்றால், மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயில் தொட்டிக்கு முன்னால் ஒரு திறப்பு இருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அங்கே பிடியுங்கள்.

பிறகு ஐந்து குப்பிகளிலும் 20 மி.லி. கோடுவரை ஊற்றுங்கள். குப்பியை முன்கூட்டி அலசக் கூடாது, மருந்தே போய்விடும். கோட்டைத் தாண்டி வழியவிடுவதும் கூடாது. மூடி மெதுவாக ஆட்டினால் மருந்து கரைந்து தண்ணீர் இளமஞ்சளாகும். இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

7. தொட்டி நீரும் சமையலறைக் குழாயும்

கிணறு சுத்தமாக இருந்து மாடித் தொட்டி கெட்டிருக்கும் வீடுகள் உண்டு. அதனால்தான் மூன்று இடம். தொட்டி நீரைத் தொட்டியில் கைவிட்டு எடுக்காமல், அதிலிருந்து நேரே இறங்கும் முதல் குழாயில் பிடியுங்கள்.

குழாய் முனையில் வடிகட்டித் துணி, வலை, ரப்பர் டியூப் எது இருந்தாலும் கழற்றுங்கள். கிருமி குடியிருக்க அவற்றைவிட வசதியான இடம் கிடையாது. முனையின் உள்ளும் புறமும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து இரண்டு நிமிடம் உலரவிடுங்கள். பிறகு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, ஒழுக்கைக் குறைத்து, குப்பி குழாயைத் தொடாமல் பிடியுங்கள். உலோகக் குழாயை ஸ்பிரிட் பஞ்சு கொளுத்திச் சுடும் முறையும் இருக்கிறது. ஸ்பிரிட் ஈரம் பட்ட கையுறையோடு அதைச் செய்தால் கையும் எரியும். வீட்டுக்குத் துடைப்பதே போதும்.

ஆர்.ஓ. கருவி இருந்தால் அதன் நீருக்கும் ஒரு குப்பி ஒதுக்குவது நல்லது. நாள்பட்ட கரி வடிகட்டிக்குள் பாக்டீரியா வளரும்.

8. இரண்டு துணைக் குப்பிகள்

முதலாவது வெள்ளைக் குப்பி. குக்கரில் வைத்து ஆறிய தண்ணீரை, மற்றக் குப்பிகளைக் கையாண்ட அதே விதத்தில் 20 மி.லி. ஊற்றுங்கள். இது கறுக்கவே கூடாது. கறுத்தால் குப்பியோ உங்கள் கையோ அசுத்தம் என்று பொருள். மற்றக் குப்பிகளின் கறுப்பையும் நம்ப முடியாது.

இரண்டாவது கறுப்புக் குப்பி. குக்கர் நீரில் ஒரு சொட்டுச் சாக்கடைத் தண்ணீர். இது கட்டாயம் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை என்றால் மருந்து செத்துவிட்டது, அல்லது சூடு போதவில்லை. மற்றக் குப்பிகள் கறுக்காததற்கும் மதிப்பில்லை.

கறுப்புக் குப்பியை எல்லாவற்றையும் மூடி ஒதுக்கி வைத்த பிறகு கடைசியாகத் தயாரியுங்கள். சாக்கடையைத் தொட்ட கையுறையோடு வேறு எதையும் தொடக் கூடாது.

9. சூட்டில் வைத்தல்

மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். குப்பிக்குள்ளும் அதே கதைதான். 30 முதல் 37 டிகிரி செல்சியஸ் வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வைகாசியில் அலமாரியில் வைத்தாலே போதும். மழைக்காலத்திலும் மலை ஊர்களிலும் பெட்டி இல்லாமல் முடியாது.

தெர்மோகோல் பெட்டியின் இரு ஓரங்களில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய லிட்டர் பாட்டில்களை வையுங்கள். குப்பிகளை நடுவில் ஒரு டம்ளரில் நிறுத்துங்கள், பாட்டிலைத் தொடக் கூடாது. வெப்பமானியைக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்ற வேண்டியிருக்கும். இரவில் படுக்கப் போகுமுன் மாற்றி, பெட்டியைப் போர்வையால் சுற்றினால் காலைவரை தாங்கும். 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். கிருமி பெருகுவதற்குப் பதில் அடங்கிவிடும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி இங்கே உதவாது, சூடு குறைந்தால் எண்ணைக் காட்டாமல் 'லோ' என்று மட்டும் சொல்லும்.

வெயிலில் வைப்பதும் தவறு. சூரியஒளி கிருமியைக் கொல்லும்.

10. குப்பியைப் படித்தல்

12, 24, 48 மணி நேரங்களில் பார்த்து எழுதுங்கள். பெட்டி இடையில் ஆறிப்போயிருந்தால் 72 மணிவரை காத்திருக்கலாம். முதலில் துணைக் குப்பிகள் இரண்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் மற்றவற்றைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

தண்ணீரோ காகிதமோ கறுத்தால், ஓரத்தில் மட்டும் கறுத்தாலும், கெட்டது என்றே கொள்ளுங்கள். 24 மணிக்குள் கறுத்தால் மாசு அதிகம். கறுப்பில்லாமல் கலங்கல் மட்டும் என்றால் வேறு பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, மறுபடி எடுங்கள். செம்பழுப்பு வண்டல் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் இரும்பு.

ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் அவசரப்படாதீர்கள். எந்தப் பாக்டீரியாவும் அவ்வளவு வேகமாகப் பெருகாது. தண்ணீரிலேயே ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அழுகிய முட்டை வாடை வருவது இதனால்தான். அத்தகைய நீருக்கு இந்தக் குப்பி பயன்படாது, கோலிஃபார்ம் சோதனைக்கு ஆய்வகம் போக வேண்டும்.

கிணற்றின் ஐந்து குப்பிகளில் எத்தனை கறுத்தன என்பதிலிருந்து 100 மி.லி.யில் இத்தகைய பாக்டீரியா தோராயமாக எவ்வளவு என்று சொல்லலாம்:

- எதுவும் இல்லை: 1.1க்குக் கீழ்
- ஒன்று: 1.1
- இரண்டு: 2.6
- மூன்று: 4.6
- நான்கு: 8
- ஐந்தும்: 8க்கு மேல். எவ்வளவு மேல் என்று இந்த முறையால் சொல்ல முடியாது

11. குப்பிகளை அழித்தல்

கறுத்த குப்பியில் இருப்பது இப்போது உங்கள் கிணற்றுத் தண்ணீர் அல்ல, கோடிக்கணக்கில் வளர்த்துவிட்ட கிருமி. சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது. கையுறையோடு வெளியில் வைத்துத் திறந்து, ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள். முட்டை அழுகிய வாடை வரும், முகத்தைத் தள்ளியே வையுங்கள். குப்பியைக் கழுவி மறுபடி பயன்படுத்த முடியாது.

12. கறுத்துவிட்டால்

அன்றே குடிநீரைக் கொதிக்க வைக்கத் தொடங்குங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பல் துலக்கவும் அந்த நீரே.

பிறகு எந்த இடத்துக் குப்பி கறுத்தது என்று பாருங்கள். கிணறு தெளிவு, தொட்டி கறுப்பு என்றால் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடியைச் சரிசெய்யுங்கள், கிணற்றில் மருந்து போட்டுப் பயனில்லை. தொட்டியும் தெளிவு, சமையலறை மட்டும் கறுப்பு என்றால் குழாய்முனை, வடிகட்டி, அல்லது எடுத்த விதம்.

கிணற்றுக் குப்பியே கறுத்தால் முதலில் நான்காம் படியில் எழுதிய ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். அதன்பின் குளோரின். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இறைத்துத் தூர்வாரிய பிறகே, ஏனென்றால் சேறு குளோரினைத் தின்றுவிடும்.

கணக்கு எளிது. விட்டம் × விட்டம் × நீரின் ஆழம், எல்லாம் அடிக்கணக்கில், பெருக்கல் 22.2. வருவது லிட்டர். நான்கு அடி உறைகிணற்றில் பத்து அடி தண்ணீர் என்றால் 4 × 4 × 10 × 22.2, சுமார் 3,550 லிட்டர். 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய ப்ளீச்சிங் பவுடர் என்றால் கிட்டத்தட்ட 530 கிராம். இது 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடருக்கான கணக்கு. பையைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருந்தால் வலு இறங்கியிருக்கும், புதுசு வாங்குங்கள்.

ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாமல் முதலில் பசையாகக் குழைத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிநீரை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். அடியில் நிற்பது வெறும் சுண்ணாம்பு. வாளியை விட்டு நாலைந்து முறை கலக்கி, சுவரையும் அதே நீரால் நனையுங்கள். மூக்கையும் கண்ணையும் மறைத்துத் திறந்தவெளியில் செய்ய வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு.

ஓர் இரவு விட்டு, காலையில் ஒவ்வொரு குழாயையும் திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். சில மணி நேரம் கழித்து வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். அந்த நீர் செடிக்கும் மீன்தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் போகக் கூடாது.

13. மறுசோதனையும் ஆய்வகமும்

வாடை போய் 7 முதல் 10 நாள் கழித்து மறுபடி ஐந்து குப்பி. தெளிவாக இருந்தால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. முதல்முறை தெளிந்து இரண்டாம் முறை கறுத்தால் மாசு எங்கிருந்தோ தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு பவுடர் கொட்டினாலும் பத்தடி தள்ளியிருக்கும் செப்டிக் டேங்க் நகராது. அப்படியான வீட்டில் கிணற்று நீரைப் புழங்கவும், குடிக்கக் கொதிக்க வைத்த நீரையும் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை.

இரண்டாம் முறையும் கறுத்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ கோலிஃபார்ம், ஈ.கோலி இரண்டுக்கும் கொடுங்கள். பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். கிணற்றில் குளோரின் போட்டிருந்தால் சொல்லிவிட வேண்டும், அதற்கென மருந்திட்ட பாட்டில் தருவார்கள். எடுத்த நீரை ஐஸ் வைத்த பெட்டியில், உறையவிடாமல், ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. 24 மணியைத் தாண்டினால் பயனில்லை. எந்தக் கிழமைகளில் கிருமிச் சோதனைக்கு நீர் வாங்குகிறார்கள் என்று முதலில் போனில் கேட்டுவிட்டு, அதற்கேற்ற காலையில் கிணற்றில் பாட்டிலை இறக்குங்கள்.